வாசக்கால் வரை வந்த வண்ணம்

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்குக் கதை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பட்டு எங்கிருந்து வருகிறது, சரிகை எங்கிருந்து வருகிறது, உடலையும் கரையையும் கோர்வையில் எப்படி இணைக்கிறார்கள் என்று தெருவுக்கு நாலு பேர் விளக்குவார்கள். அந்தச் சேலை நெய்யப்படும் வீட்டின் கதவில் மின்னுகிற எனாமலுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு என்று மட்டும் யாரும் நினைப்பதில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை, பெர்லினின் சாயக்கூடம், அமெரிக்கத் தொண்டை மருத்துவர் ஒருவரின் மருந்துக் குழல் என்று எங்கெங்கோ சுற்றித்தான் அது நம் வாசக்காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மார்கழி பிறந்துவிட்டால் ஊரில் பெயின்டர்களுக்கு ஓய்வில்லை. பொங்கலுக்குள் முடித்தாக வேண்டும். கீல் கழற்றிய கதவை இரண்டு ஸ்டூல்மேல் கிடத்தி, உப்புத்தாளால் பழைய பூச்சைத் தேய்த்து, ஆணித் துளைகளிலும் வெடிப்புகளிலும் பட்டி வைத்து, அது காய்ந்ததும் மறுபடி தேய்த்து, பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை. மர இழை ஓடும் திசையிலேயே பிரஷ் போக வேண்டும். கடைசி இழுப்பில் பிரஷ்ஷின் நுனி மட்டும் பட்டும் படாமலும் போகும். தடம் தெரியாமல் இருப்பதன் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. தறி உள்ள வீட்டில் இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்ளும். ஒரு சொட்டு எனாமல் பாவில் தெறித்தால் சேலை போயிற்று. ஒரு பாவு முடிந்து அடுத்த பாவைப் பிணைப்பதற்கு முன் கிடைக்கிற இடைவெளிதான் அங்கே கதவுக்கு நல்ல நேரம்.

வண்ணம் பூசுவதில் இந்த ஊருக்குப் பழம்பெருமை உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் தன் விருதுப்பெயர்களில் ஒன்றாக ‘சித்திரகாரப்புலி’ என்பதை வைத்துக்கொண்டான். ஓவியர்களுள் புலி என்று ஓர் அரசன் தன்னைச் சொல்லிக்கொள்வது எந்த ஊரிலும் அடிக்கடி நடப்பதல்ல. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுப்பித்தேன் என்று மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அவன் பெருமைப்படுகிறான். அதுவரை கோயில்கள் மரத்தாலும் செங்கல்லாலும் எழும்பின என்பதற்கு அதுவே சாட்சி. அந்த மரவேலைகளுக்கு என்ன பூசினார்கள் என்று பார்க்க ஒரு சிராய்கூட நமக்கு மிஞ்சவில்லை. எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களில் மட்டும் ஓவியத் துணுக்குகள் பிழைத்திருக்கின்றன. 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அவற்றைக் கண்டு உலகுக்குச் சொன்னார். காவி, மஞ்சள் மண், கரி ஆகியவற்றை ஏந்திய சுண்ணாம்புப் பூச்சு கல்லைப் பற்றிக்கொண்டு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

அதே பூச்சைக் கதவில் பூசினால் ஆண்டுக் கணக்குக்கூடத் தாங்காது. கல் அசையாது, மரம் அசையும். ஐப்பசி மழையில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். சுண்ணாம்பு அதோடு சேர்ந்து அசையத் தெரியாமல் பொருக்காக உதிரும். மரத்துக்கு வேண்டியது கூடவே நெளிந்து கொடுக்கிற ஒரு தோல். அதைத் தேடிய தேட்டம்தான் இந்தக் கதை முழுவதும்.

விடையின் மிகப் பழைய தடயம் ஆப்கானிஸ்தானத்தில் கிடைத்தது. சீனத் துறவி யுவான் சுவாங் 630 வாக்கில் பாமியானின் மாபெரும் புத்தர் சிலைகளைக் கண்டு எழுதினார். சிலைகளை ஒட்டிய குகைகளின் சுவரோவியங்களை நம் காலத்து விஞ்ஞானிகள் நுட்பக் கதிர்களால் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த சில ஓவியங்களில் உலரும் எண்ணெய் இருந்தது. வால்நட் அல்லது கசகசா எண்ணெயாக இருக்கலாம் என்றார்கள். உலகில் இதுவரை தெரிந்த மிகப் பழைய எண்ணெய் வண்ணங்கள் அவை. அந்த யுவான் சுவாங்தான் 640 வாக்கில் காஞ்சிக்கும் வந்தார். சித்திரகாரப்புலியின் ஊரையும், எண்ணெய் வண்ணம் துளிர்த்த பள்ளத்தாக்கையும் ஒரே மனிதர் பத்து ஆண்டுகளுக்குள் பார்த்துவிட்டார் என்பது எனக்கு ஓயாத வியப்பு.

உலரும் எண்ணெய் என்பது எல்லா எண்ணெயும் அல்ல. தேங்காய் எண்ணெயைக் கதவில் தடவினால் என்றைக்கும் பிசுபிசுப்புதான், நல்லெண்ணெயும் சரியாகக் காயாது. ஆளிவிதை எண்ணெயோ காற்றுப்பட்ட சில நாளில் கெட்டித் தோலாகிவிடும். அது நீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டு தன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. காய்ந்தபின் எடைகூடக் கொஞ்சம் ஏறியிருக்கும். ஈயம் கலந்தால் இந்தப் பின்னல் விரைவுபடும். அந்தச் சின்ன வசதிக்காகத்தான் ஈயம் கதவுகளில் குடியேறியது. அதைக் கிளப்ப எத்தனை நூற்றாண்டு ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய மடாலயக் கைவினைஞர் ஒருவர், தியோபிலஸ் என்ற புனைபெயரில், கலைத்தொழில்களுக்கு லத்தீனில் ஒரு கையேடு எழுதினார். அதில் கதவுக்குச் சிவப்புப் பூசுவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆளிவிதையை வறுத்து, இடித்து, எண்ணெய் பிழி. ஈயச் சிவப்பையோ இங்குலிகத்தையோ தண்ணீர் சேர்க்காமல் அந்த எண்ணெயிலேயே கல்லில் அரை. கதவில் பூசி வெயிலில் காயவை. பின் மறுபடி பூசு. இன்று நம் பெயின்டர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். நுணுக்கமான உருவங்கள் வரைவதற்கு இந்தக் கலவை காயும்வரை காத்திருப்பது சலிப்பான வேலை என்று தியோபிலஸ் குறைப்பட்டுக்கொள்கிறார். எண்ணெய் வண்ணத்தைக் கண்டுபிடித்தவர் பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் வான் ஐக் என்று கலை வரலாற்றாளர் வசாரி எழுதிவைத்ததைப் பலகாலம் உலகம் நம்பியது. அந்தப் பெருமைக்குரிய ஓவியர் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கதவு பூசுகிறவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

நம் பக்கத்தில் மரத்துக்கு மினுமினுப்புத் தர வேறொரு பொருள் இருந்தது: அரக்கு. பாண்டவர்களைக் கொல்லக் கட்டிய மாளிகை வழியாக அது எல்லோருக்கும் தெரியும். பலா மரத்துப் பிசின்போல மரத்திலிருந்து கசிவதல்ல அது. பலாசு, இலந்தை மரக்கிளைகளில் மொய்க்கும் ஒரு சிறு பூச்சி தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடு. கழுவினால் சிவப்புச் சாயம் இறங்கும், அது பட்டுக்கும் கம்பளிக்கும். மிஞ்சிய பிசினை உருக்கி மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் அவலரக்கு, அது மரத்துக்கு. காஞ்சிபுரத்துப் பெண்கள் இன்றும் கேட்டு வாங்கும் அரக்கு நிறமும், தாத்தா காலத்து அலமாரியின் பளபளப்பும் ஒரே பூச்சியிடமிருந்து பிறந்தவை. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களில் இந்த வேலையைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடைசலில் மரம் சுழலும்போது வண்ண அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அது உருகி மரத்தைப் பற்றிக்கொள்ளும். ஆனால் தெருக்கதவுக்கு அரக்கு தோதுப்படாது. மழை பட்டால் வெளுக்கும், வெயிலில் இளகும். அதன் இடம் எப்போதும் வீட்டுக்கு உள்ளேதான்.

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்கள் இந்தப் பக்கம் கப்பல் கப்பலாக வந்தபோது மரப்பூச்சிலும் ஒரு மோகம் கிளம்பியது. சீனத்தில் செய்த செதுக்குவேலை அரக்குத் திரைகள், நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் கப்பல் மாறி லண்டனுக்கும் பாரிசுக்கும் போயின. வாங்கியவர்கள் அவற்றை ‘கோரமண்டல்’ என்றே அழைத்தார்கள். இன்றைய ஏலக்கூடங்களிலும் அதே பெயர்தான். செய்யாத பொருளுக்கு நம் கரைக்குப் புகழ் கிடைத்தது! அந்தப் பளபளப்பு ஒரு சீன மரத்தின் பாலிலிருந்து வருவது. அந்த மரம் ஐரோப்பாவில் கிடையாது. ஆகவே போலி செய்தார்கள். 1688இல் ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இருவர், கீழ்த்திசை அரக்குவேலையைப் போலவே செய்வது எப்படி என்று இங்கிலாந்தில் ஒரு நூலே வெளியிட்டார்கள். சாராயத்தில் கரைத்த இந்திய அரக்கு அவர்களுடைய முக்கியச் சரக்கு. சீனத்தைப் பார்த்து ஆங்கிலேயர் செய்த நகலுக்கு மூலப்பொருள் இந்தியாவிலிருந்து போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே அரக்குக் கரைசலைத் துணிப் பந்தில் நனைத்து வட்டம் வட்டமாகத் தேய்க்கும் முறை பிரான்சில் பெயர் பெற்றது. நம் தச்சர்களிடம் அது ‘பிரெஞ்சு பாலீஷ்’ ஆகத் திரும்பி வந்தது. நம் பூச்சியின் கூடு வேறு பெயரோடு நம் வீட்டுக்கே வந்துவிட்டது.

இடையில் செயற்கைச் சாயங்கள் வந்து அரக்குச் சாயத்தின் வியாபாரத்தை முடித்துவைத்தன. பூச்சி வளர்ப்பு பிழைத்ததற்குக் காரணம் பிசின். 1890களிலிருந்து இசைத்தட்டுகளை அவலரக்கால் செய்யத் தொடங்கினார்கள். அந்தத் தட்டுகளில் பதிவான ஆரம்பகாலக் குரல்களில் காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் குரலும் உண்டு.

அரக்கை விட்டு எண்ணெய்க்குத் திரும்புவோம். எண்ணெய் வண்ணத்துக்கு மலிவான நல்ல நீலம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் சிவப்புச் செய்ய உட்கார்ந்தார். அவர் வாங்கிய சாம்பலுப்பு ஏற்கெனவே விலங்கு எண்ணெய் பட்டுக் கெட்டுப்போயிருந்தது. சிவப்புக்குப் பதில் ஆழ்ந்த நீலம் கிடைத்தது. பிரஷ்யன் நீலம் என்ற பெயரில் அது ஐரோப்பா முழுவதும் பரவியது. செய்முறையைச் சிலகாலம் ரகசியமாக வைத்திருந்தார்கள், பிறகு அது கசிந்தது, ஆளாளுக்குச் செய்தார்கள். அவர்களில் ஒருவர் பிராங்பர்ட் இளைஞர் ஸ்டைகன்பெர்கர். தன் சொந்தச் செய்முறையோடு 1760இல் லண்டன் போய்ச் சேர்ந்து, பெயரை லூயிஸ் பெர்ஜர் என்று சுருக்கிக்கொண்டார். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் பெர்ஜர் டப்பாவை எடுத்துத் தரும்போது, கெட்டுப்போன சாம்பலுப்பால் பிறந்த அந்த நீலத்தின் கதையும் கூடவே வருகிறது.

அந்நாளைய பெயின்டர் டப்பா வாங்கியவர் அல்ல. பொடியும் எண்ணெயும் தனித்தனியே வாங்கி, கல்லில் அரைத்து, அன்றன்றைக்கு வேண்டியதைக் கலக்குவார். ஒரு கதவின் நிறம் இன்னொரு கதவுக்கு அப்படியே வராது. அமெரிக்காவின் ஷெர்வின் வில்லியம்ஸ் நிறுவனம் 1870களில் திறந்து மூடக்கூடிய தகர டப்பாவுக்குக் காப்புரிமை பெற்றபின்தான், கலந்து வைத்த பெயின்டைக் கடையில் அடுக்கி விற்பது வழக்கமாயிற்று. இந்தியாவுக்கு முதலில் வந்தவை கப்பலில் வந்த பிரிட்டிஷ் டப்பாக்கள். 1902இல் கல்கத்தாவை ஒட்டிய ஹௌராவில் ஷாலிமார் பெயின்ட்ஸ் தொடங்கப்பட்டது. அதற்கு முதல் வாடிக்கை கப்பல்களும் ரயிலும் பாலங்களும். வீட்டுக் கதவு அப்போது யார் கணக்கிலும் இல்லை.

வெள்ளை நிறத்தின் கதை இன்னும் சுவையானது. அது நம் குமரிக் கரையில் நடந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து வந்திறங்கிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஏதோ மின்னுவதைக் கவனித்தார். அது மோனசைட். கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. கயிறு வந்த வழியே தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலை வைத்தார். மோனசைட்டைப் பிரித்தெடுத்தபின் கறுப்பாக மலைமலையாகக் குவிந்த இல்மனைட்டை யாரும் சீந்தவில்லை. 1916 வாக்கில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளையைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. அந்த வெள்ளைக்கு மூலப்பொருள் இந்தக் கறுப்பு மணல். 1930களில் உலகுக்கு இல்மனைட் அனுப்பியதில் திருவிதாங்கூர் முதல் வரிசையில் நின்றது. இன்று எந்த வீட்டுக் கதவிலும் கண்ணைப் பறிக்கும் வெள்ளை அந்த டைட்டானியம்தான். ஈய வெள்ளையை வீட்டைவிட்டு அனுப்பிவைத்ததும் அதுவே.

எண்ணெயின் வேலையை எளிதாக்கியது மின்சாரம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் கம்பிகளுக்கு மின்காப்புப் பூச்சுத் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே கீன்லே என்ற வேதியியலர் 1920களில் கிளிசரினோடும் ஓர் அமிலத்தோடும் உலரும் எண்ணெயைச் சேர்த்துச் சமைத்தார். ஆல்கைடு பிசின் கிடைத்தது. நாள்கணக்கில் காய்ந்தது ஒரே ராத்திரியில் காய்ந்தது, மினுக்கமும் கூடியது. கடையில் ‘சிந்தெடிக் எனாமல்’ என்று நாம் கேட்டு வாங்குவது இதைத்தான். அதன் உள்ளே தியோபிலசின் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

1942இல் போரினால் பெயின்ட் இறக்குமதி தடைப்பட்டபோது, பம்பாயில் சம்பக்லால் சோக்சி உள்ளிட்ட நான்கு நண்பர்கள் ஒரு கேரேஜில் பெயின்ட் கலக்க ஆரம்பித்தார்கள். அதுதான் ஏசியன் பெயின்ட்ஸ். பெரிய நகரக் கடைகள் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கையில் இருந்ததால், அவர்கள் சின்ன டப்பாக்களோடு கிராமங்களுக்குப் போனார்கள். மராட்டியத்தில் போளா பண்டிகைக்கு மாட்டுக் கொம்பில் பூச விவசாயிகள் அவற்றை வாங்கியதுதான் முதல் பெரிய விற்பனை என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கதை. மாட்டுப் பொங்கலுக்கு நீலமும் சிவப்புமாகக் கொம்பு தீட்டும் நமக்கு இதில் ஆச்சரியமில்லை. மிஞ்சின பெயின்ட் நம் வீடுகளிலும் கதவுக்கும் ஜன்னலுக்கும்தானே போகிறது! 1954இல் அந்த நிறுவனத்துக்காகக் கார்ட்டூனிஸ்ட் ஆர். கே. லக்ஷ்மண், கையில் பிரஷ்ஷும் டப்பாவுமாகக் ‘கட்டு’ என்ற சிறுவனை வரைந்து கொடுத்தார். சுவர் விளம்பரங்களில் அவன் பல ஆண்டுகள் நின்றான்.

கப்போர்டுக்கும் மாடுலர் கிச்சனுக்கும் பூசுவது வேறு கிளைக்கதை. பிரஷ் தடமே தெரியாத அந்த வழவழப்பு ஸ்பிரே கன்னால் வருவது. ஓஹையோவில் டீவில்பிஸ் என்ற தொண்டை மருத்துவர் நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்து தெளிக்க ஒரு குழல் செய்து, 1888இல் கம்பெனி தொடங்கினார். அவர் மகன் தாமஸ் அதே நுட்பத்தை வண்ணம் தெளிக்கத் திருப்பினார். தெளிப்பதற்கேற்ற, மளமளவென்று காயும் பூச்சை டூபான்ட் நிறுவனம் 1920களில் ‘டியூகோ’ என்ற பெயரில் கார்களுக்காகக் கொண்டுவந்தது. கார்த் தொழிற்சாலையின் அந்த வழக்கம் மரச்சாமானுக்கு இறங்கியது. இன்று காஞ்சிபுரத்தில் புது வீடு கட்டுகிறவர் ஆசாரியிடம் ‘கப்போர்டுக்கு மைக்கா ஒட்டலாமா, டூகோ அடிக்கலாமா’ என்று கேட்கிறார். டூகோ அடித்த பலகையில் கைவிரல் ரேகைகூட விழும், கீறினால் திருத்துவது பாடு. அடிக்கடி புழங்கும் சமையலறைக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பிரஷ்ஷில் பூசிய எனாமலை வீட்டுக்காரரே தேய்த்துப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இத்தனை ஊர் சுற்றிய பொருள் இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே பிறக்கிறது. ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரின் தொழிற்பேட்டைகளில் ஏசியன் பெயின்ட்ஸுக்கும் ஜப்பானின் நிப்பான் பெயின்ட்டுக்கும் ஆலைகள் இருக்கின்றன. நிப்பானின் தொடக்கம் 1881. முகப்பூச்சில் இருந்த ஈய வெள்ளை உடம்பைக் கெடுத்ததால், அதற்கு மாற்றாகத் துத்தநாக வெள்ளை செய்யப் புகுந்த மோதேகி சகோதரர்களின் முயற்சியிலிருந்து முளைத்த நிறுவனம் அது.

ஈயத்தைப் பற்றிச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். மரத்துக்கு முதலில் பூசும் பிரைமர் ஏன் இளஞ்சிவப்பாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஈய வெள்ளையோடு ஈயச் சிவப்பைக் கலந்து அடித்தளமாகப் பூசிய பழைய வழக்கத்தின் மிச்சம் அந்த நிறம். பளீரென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும்கூட ஈயக் கலவைகள்தான் கைகொடுத்தன. வீட்டுக்குள் ஈய வெள்ளை பூசக்கூடாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1921இலேயே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியாவில் வீட்டு பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவுகள் நம் தெருக்களில் எத்தனையோ நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பொங்கல்களின் பூச்சு அடுக்கடுக்காக இருக்கிறது. காய்ந்த உப்புத்தாளால் அதைத் தேய்க்கும்போது எழும் தூள், தரையில் தவழும் குழந்தைக்கும் நாள் முழுக்கக் குனிந்து தேய்க்கும் பெயின்டருக்கும்தான் முதலில் போய்ச் சேரும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். போன அறிவு திரும்பாது.

ஆகையால் இந்தப் பொங்கலுக்குப் பழைய கதவைப் புதுப்பிக்கிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பரையே பயன்படுத்தச் சொல்லுங்கள், புளோ லேம்ப் வைத்து எரிக்க விடாதீர்கள். பெயின்டருக்குச் சாதாரணத் துணியல்லாமல் தூசு தடுக்கும் நல்ல முகக்கவசமாக வாங்கிக் கொடுங்கள். வேலை முடிகிறவரை குழந்தைகளை வேறு அறையில் வையுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். டப்பா வாங்கும்போது ஈயம் 90 பிபிஎம்முக்கு மிகாது என்று மேலே அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அச்சிடாத டப்பாவைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.